கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: நீரோடிக் கரைக்குக் குடிவருபவர்களுக்கு

கேரளத்து விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்ததிலிருந்து, குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். துறைமுக வேலைக்காரர்கள், மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் என்று பல தரப்பினர். ஆசை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். போன வருடம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியருக்கு அப்படியே ஒரு வீடு கிடைத்தது. குடிவந்த அன்று மொட்டைமாடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கீழே சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி தலையைத் தூக்கிக் கேட்டார்: “மக்களே, கடலு எங்கயும் போவாது. பாலம் எங்க கெடக்குன்னு பாத்தியா?”

ஆசிரியர் சிரித்துவிட்டார். பாட்டி சிரிக்கவில்லை. அவர் கொட்டில்பாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கடல் ஏறி வந்தபோது சனம் வடக்கே ஓடியது. வடக்கே ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய். முன்னால் கால்வாய், பின்னால் கடல். அந்தக் கால்வாயில் விழுந்து மாண்டவர்கள் ஏராளம். பாட்டியின் கேள்வி அங்கிருந்து வருகிறது. இந்தக் கரைக்குப் புதிதாக வரும் யாருக்கும் சுனாமிப் பாடத்தை நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

பாலத்தைக் கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் மேற்கே கடைசி ஊர் நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். நீரோடியிலிருந்து கிழக்கே மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வீட்டுக்கு வீடு ஒட்டிய ஊர்கள். தெற்கே கடல். வடக்கே, திருவிதாங்கூர் ராஜா காலத்தில் வெட்டிய அதே ஏ.வி.எம். கால்வாய். பல இடங்களில் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிப் புல்தரை மாதிரித் தெரியும். இறங்கினால் சேறு இடுப்புக்கு வரும். கிழக்கு முனையில் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கிறது. மேற்கே பூவாரில் நெய்யாறு. ஆக, நாம் குடியிருப்பது மூன்று நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு நாடாத் துண்டு. கேரளத்தில் அதிகம் பேர் இறந்த ஆலப்பாட்டிலும் இதே அமைப்புதான்: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல்கால்வாய், நடுவில் ஒடுங்கிய மணல்.

அதனால் குடிவந்த முதல் வாரத்திலேயே ஒரு மாலை வீட்டு வாசலில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, வடக்கே நடக்கத் தொடங்குங்கள். பைக் வேண்டாம். கால்வாயைக் கடக்கும் பாலம் எது, அதற்குப் போகும் சந்து எது, சந்தின் கடைசியில் யாராவது சுவர் எழுப்பி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூகுள் மேப் காட்டும் பாதையில் பாதி, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைக் கதவில் போய் முடியும். பாலம் தாண்டி மேட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே பாதை. அப்புறம் ஒருமுறை இரவில், டார்ச் இல்லாமல். மூன்று முறை நடந்தால் கால் பழகிவிடும். பதற்றத்தில் மூளை நின்றாலும் கால் போகும்.

மேடு எது என்று எப்படித் தெரியும்? இந்த ஊர்ப் பெயர்களே பாதி சொல்லிவிடும். ‘விளை’ என்றால் மேட்டு நிலம், தென்னையும் மரச்சீனியும் நிற்கும் தோட்டம். ‘ஏலா’ என்றால் தாழ்ந்த வயல். நித்திரவிளைப் பக்கம் போனால் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். ஏலாவுக்குள் இறங்கினால் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கே போகிறீர்கள். ஆனால் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். வள்ளவிளை என்று கடலை ஒட்டியே ஓர் ஊர் இருக்கிறதே! கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம், அல்லது கரையிலிருந்து 2 முதல் 3 கிலோமீட்டர் உள்ளே என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவ்வளவு முடியாவிட்டால் முடிந்த அளவு. ஒவ்வொரு மீட்டர் ஏற்றமும் கணக்கில் சேரும். அதற்கும் நேரமில்லை என்றால் கான்கிரீட் தூண் போட்ட கட்டடத்தில் மூன்றாவது மாடி அல்லது அதற்கு மேல். ஓட்டு வீட்டு மச்சு இதற்கு ஆகாது.

அலைத்தடுப்புச் சுவர் இருக்கிறதே, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டிருக்கிறார்களே என்று கேட்பார்கள். அவை ஆனி, ஆடிக் கடலரிப்புக்காகப் போட்டவை. அதற்கே வருடாவருடம் கல் சரிகிறது.

இங்கே வந்தது எப்படி?

‘சுனாமி’ ஜப்பானியச் சொல். ‘சு’ துறைமுகம், ‘நாமி’ அலை. நடுக்கடலில் மீன்பிடித்துவிட்டு வந்தவர்கள் எதையும் உணராமல், துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் ஊர் இல்லை. அப்படி வந்த பெயர் என்பார்கள். 2004 அன்று எங்கள் ஆழ்கடல் படகுக்காரர்களுக்கும் அதுவேதான். தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் பல நூறு மைல் போகிறவர்கள். ஆழக்கடலில் சுனாமி ஒரு மீட்டருக்கும் குறைவான புடைப்பு. அன்று செயற்கைக்கோள் அளந்தபோது சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், தெரியவே தெரியாது.

வேகம்தான் பயங்கரம். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், விமானம் மாதிரி. ஆழம் குறையக் குறைய வேகம் குறையும். 10 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் தண்ணீர் மெதுவாகிறது, பின்னால் வருவது வேகமாகவே வந்து அதன் மேல் ஏறுகிறது. வேகம் குறைந்ததெல்லாம் உயரமாக மாறுகிறது. குறைந்த பிறகு இருக்கும் அந்த 35 கூட ஒலிம்பிக் ஓட்டக்காரர் நூறு மீட்டர் ஓடும் வேகம். உங்களுக்கும் எனக்கும் ஆகிற காரியமில்லை. கண்ணில் பட்ட பிறகு ஓடினால் தாமதம் என்பது இதனால்தான்.

அன்று காலை இந்திய நேரம் 6.29-க்கு சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் 9.1 அளவில் நிலம் பிளந்தது. பிளவின் நீளம் 1200 கிலோமீட்டருக்கு மேல். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நழுவ, கடல்தரை பல மீட்டர் எகிறியது; மேலே இருந்த தண்ணீர் முழுக்க எகிறியது. சென்னை, நாகைக் கரைகளுக்கு அது வந்து சேர்ந்தது 9 மணியை ஒட்டி. கேரளத்தில் ஆலப்பாட்டை அடித்தபோது நண்பகல் ஆகிவிட்டது. நிலநடுக்கத்துக்கும் அந்த அலைக்கும் இடையே ஐந்து மணி நேரத்துக்கு மேல்! மெரினாவில் தண்ணீர் புகுந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பூசை முடிந்து பிள்ளைகள் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 800 பேர் அளவுக்கு இறந்தார்கள்.

“சுமத்ரா கிழக்கே இருக்கிறது, நடுவில் இலங்கை மறைக்கிறது, நாம் மேற்கே பார்த்த கரையில் இருக்கிறோம், நமக்கு என்ன?” என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. தூண்டில் வளைவுக்கு உள்பக்கம் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். கல்லுக்கு மறைவில் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. முனையைச் சுற்றி அலை வளைந்து உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். ஆழம் குறைந்த பக்கம் அலையின் கால் மெதுவாகும். உடம்பு கரையைப் பார்த்துத் திரும்பும். 2004-ல் அலை இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி வந்தது அப்படித்தான். இன்னொரு திசையும் இருக்கிறது. பாகிஸ்தான், ஈரான் கரையோரம் மக்ரான் என்று ஒரு பிளவு. 1945 நவம்பர் 28 அன்று அங்கே வந்த நிலநடுக்கத்தில் எழுந்த சுனாமி மும்பை வரை உயிர்ப்பலி வாங்கியது.

இது சுனாமிதானா?

புதியவர்கள் பெரும்பாலும் பயப்படுவது வேறொன்றைப் பார்த்து. மாசி முதல் வைகாசி வரை, காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் தெருவுக்குள் வரும். சொல்லாமல் கொள்ளாமல் வருவதால் கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து மோதுகின்றன. கேரளத்து மீனவர்களின் இந்தச் சொல்லையே இப்போது அறிவியலாளர்களும் எழுதுகிறார்கள். முன்கூட்டியே கணிக்க முடிகிற ஆபத்து இது. ஆனால் லேசானது அல்ல. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துப்போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான்.

பிரித்தறிய எண்ணிப் பாருங்கள். கடற்கரையில் நின்று அல்ல, மாடியில் நின்று. கள்ளக்கடல் அலை ஏறிய வேகத்தில், இருபது எண்ணுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். வாசலில் மணலையும் செருப்பையும் போட்டுவிட்டுப் போகும். சுனாமித் தண்ணீர் திரும்பாது. எண்ணிக்கொண்டே இருப்பீர்கள், அது ஏறிக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இருபதைத் தாண்டியும் ஏறினால் எண்ணுவதை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது, “கடல் உள்வாங்கியது” என்ற செய்தி. கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்தது, விவேகானந்தர் பாறைக்குப் படகு தாமதம் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது பேப்பரில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றம்தான் பெரும்பாலும். மணிக்கணக்கில் மெல்ல நடக்கும். சுனாமியின் வற்றம் நிமிடக்கணக்கில். நேற்றுவரை பார்க்காத பாறை தெரியும், மீன் துள்ளும். மீனைப் பொறுக்கப் போகக் கூடாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இப்போது. ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: கடல் உள்வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. 2004-ல் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது. இந்தியக் கரைக்கு முதலில் வந்ததே ஏறிய அலைதான். வற்றட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அவ்வளவுதான்.

இந்தோனேசியாவில் சிமெலுவே என்ற தீவு சுமத்ராவுக்கு அருகில், நிலநடுக்க மையத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. 1907-ல் அங்கே வந்த சுனாமியைப் பாட்டி தாத்தாக்கள் ‘ஸ்மோங்’ என்று கதையாகச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு. 2004-ல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான். அருமையான பாடம். ஆனால் அதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. சுமத்ரா ஆடினால் நீரோடியில் லேசாகத்தான் தெரியும், தெரியாமலும் போகும். அவர்களுக்கு நிலம் சொன்னதை நமக்குப் போன்தான் சொல்ல வேண்டும். ஒருவேளை இங்கேயே நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினால் போனுக்குக் காத்திராமல் கிளம்பலாம்.

போன், கோயில் மைக், கொஞ்சம் மலையாளம்

இந்தியாவுக்கான சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாதில், இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் இருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து வேலை செய்கிறது. கடலடியில் அழுத்தம் அளக்கும் கருவிகளும் கரைகளில் நீர்மட்டக் கருவிகளும் வைத்து, நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் முதல் அறிக்கை விடுவார்கள். அதில் மூன்று படி உண்டு. ‘வாட்ச்’ என்றால் விழிப்பாக இருங்கள், போனைச் சார்ஜ் போடுங்கள். ‘அலர்ட்’ என்றால் கடற்கரையையும் பொழிமுகத்தையும் (ஆறு கடலில் சேரும் வாய்) விட்டு விலகுங்கள். ‘வார்னிங்’ என்றால் மேட்டுக்குப் போங்கள். நான் ‘அலர்ட்’டுக்கே மேட்டுக்குப் போய்விடும் ஆள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எல்லையில் ஒரு தனித் தொல்லை. போன் எந்த டவரைப் பிடிக்கிறது என்று அதற்கே தெரியாது. கேரள டவரைப் பிடித்தால் எச்சரிக்கை மலையாளத்தில் வரும். புதியவர்கள் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள். நாலு சொல் பழகிக்கொண்டால் போதும்: ‘முன்னறியிப்பு’ என்றால் எச்சரிக்கை, ‘திரமால’ அலை, ‘கடலாக்கிரமணம்’ கடல் ஊருக்குள் புகுவது, ‘மாறித்தாமசிக்குக’ என்றால் வேறிடம் போய்த் தங்குங்கள். அதேபோல மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077 அடித்தால் எந்த மாவட்டம் எடுக்கும் என்று சொல்ல முடியாது. நாகர்கோவில் கட்டுப்பாட்டறைக்கு 04652 சேர்த்தும், திருவனந்தபுரத்துக்கு 0471 சேர்த்தும் போனில் பதிந்து வைத்துவிடுங்கள். அவசர உதவிக்கான 112 எங்கிருந்தும் போகும். ‘சசெத்’, ‘டிஎன் அலர்ட்’, இன்காய்ஸின் ‘சமுத்ரா’ என்று எச்சரிக்கைச் செயலிகளும் உண்டு, ஒன்றாவது இருக்கட்டும்.

ஆனால் ஊரில் எல்லாவற்றையும் முந்துவது கோயில் மைக். இங்கே கோயில் என்றால் மாதா கோயில், அந்தோணியார் கோயில். பங்குத்தந்தையோ ஊர்க் கமிட்டியோ மைக்கைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் ஊரே வாசலுக்கு வந்துவிடும். நீங்கள் எந்த மதமானாலும் சரி, எந்த நேரத்துக்கு எந்த மணி என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வையுங்கள். நேரமில்லாத நேரத்தில் நிற்காமல் மணி அடித்தால் காரணம் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் “வரும் 26-ஆம் தேதி சுனாமி” என்று வந்தால் அழித்துவிடலாம். நிலநடுக்கத்துக்கு முன்னால் சுனாமியை நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. 2004-ல் அன்று பௌர்ணமி என்பதால் ஒவ்வொரு மார்கழிப் பௌர்ணமிக்கும் ஒரு புரளி கிளம்பும். நிலவைப் பார்த்துச் சுனாமியைச் சொல்ல முடியாது.

கிளம்பும்போது

2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் இன்னொரு நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, ஊர் ஓடியது. நான் பாலம் வரை போய்விட்டு, பைக்கை விட்டுவிட்டேனே என்று சாவி எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது பாலத்தில் பைக், ஆட்டோ, மீன் ஏற்றும் டெம்போ எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. முன்சக்கரம் ஓர் ஆட்டோவுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் சிக்கி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் இருபது நிமிடம் நின்றேன். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கொட்டில்பாட்டுப் பாட்டி என்னைத் தாண்டி நடந்து போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தார். அது போதும். அன்று நிலம் மேலே எகிறாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

ஆகவே நடந்தே போங்கள். நடக்க முடியாத வயதானவர் வீட்டில் இருந்தால் தூக்கப்போவது யார் என்று இன்றே பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசி வையுங்கள். பையில் ரேஷன் கார்டு, ஆதார் நகல், தினமும் சாப்பிடும் மாத்திரை, தண்ணீர், டார்ச். அவ்வளவுதான். நின்று பேசி நேரம் போக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருந்தால் கடற்கரைச் சாலை வழியாகத் தேடிப் போகாதீர்கள்; பள்ளிக்கூடம் எந்த மேட்டுக்குக் கூட்டிப்போகும் என்று சேர்க்கும் அன்றே கேட்டு, அங்கே போய்ச் சந்தியுங்கள். மேடு கேரள எல்லைக்குள் இருந்தால் தயங்க வேண்டாம், அந்த நேரத்தில் யாரும் கார்டு கேட்கப் போவதில்லை.

வள்ளத்தில் இருப்பவர்களுக்கு வேறு விதி. ஆழக்கடலில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால் கரைக்கு வரவே கூடாது. 200 மீட்டர் ஆழத்துக்கு அப்பால் போய், வயர்லெஸ்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். கரையில் நிற்கும் வள்ளத்தைக் காப்பாற்ற ஓடுவதைப் போன்ற தப்பு வேறில்லை. பொழிமுகம் பக்கமே போகக் கூடாது. சுனாமி முதலில் நுழைவதும் அதிக தூரம் உள்ளே போவதும் ஆற்று வாய் வழியாகத்தான். மணக்குடியில் இரண்டு கரையையும் இணைத்த பாலத்தையே 2004-ல் பிய்த்துப் போட்டுவிட்டது.

முதல் அலை போனதும் திரும்பாதீர்கள். அடுத்தது இருபது நிமிடத்தில் வரலாம், ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம், முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அரசு அறிவிக்கும் வரை மேட்டிலேயே இருங்கள். திரும்பிய பிறகு மின்சார வாரியம் சரிபார்க்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். கிணற்று நீர் உப்புக் கரிக்கும். இறைத்துக் கொட்டி, குளோரின் போட்ட பிறகுதான் குடிக்கலாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அந்த ஆசிரியர் வீட்டை மாற்றவில்லை. ஜன்னலில் கடல் தெரியும் அதே வீடுதான். ஆனால் மூன்று நடை நடந்துவிட்டார். பாலத்துக்கு ஒன்பது நிமிடம், மேட்டுக்கு இன்னும் பதினான்கு. நான் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன்: ஜூனில் மழை பிடித்ததும் நாலாவது முறை நடந்து பார்க்க வேண்டும். கால்வாய் நிறைந்து அந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அப்போது கிழக்கே இருக்கும் அடுத்த பாலத்துக்குத்தான் போக முடியும்.